பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

என் அம்மா உயிரோடு இருக்கும்போதே ஒருமுறை காலமானார். அது அவருடைய அறுபதாவது பிறந்தநாள். தலைமுழுகி, புதுச்சேலை உடுத்து, எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் மாட்டியிருக்கும் பிள்ளையார் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்தவரை, தொடர்மாடிச் சங்கச் செயலாளரான அறிவித்தல் மாமா மறித்தார். "தங்கச்சி, அசையாமல் நில்லும்" என்று சொல்லி ஒரு படம் எடுத்தார். அன்று பின்னேரம் கனடாவில் இருந்து அம்மாவின் தம்பி அழைத்தார். போனை எடுத்தது அம்மாதான்.

"எப்ப எடுக்கினம்?" என்று அழுதழுது கேட்டார் தம்பி.

"என்னத்தை?"

"அக்காவை."

"டேய், நான்தான்டா அக்கா கதைக்கிறன்."

 அதைக் கேட்டு அவர் முன்னையைவிடப் பெரிதாக அழத் தொடங்கினார். செத்தவீட்டுக்கு வரப் பிளேன் ரிக்கற் போட்டுவிட்டாராம்.

நடந்தது இதுதான். மாமா அந்தப் படத்தை எங்கள் தொடர்மாடிச் சங்கத்தின் முகநூல் பக்கத்தில் போட்டிருந்தார். படத்தில் அம்மா சிரிக்கவில்லை. அசையாமல் நில் என்றால் யார் சிரிப்பார்கள்? பக்கத்தில் குத்துவிளக்கு எரிகிறது. கீழே எழுதியிருந்தது: "உடுப்பிட்டியைப் பிறப்பிடமாகவும், கொழும்பு வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட திருமதி இன்னார் அவர்கள் இன்று தமது அறுபதாவது அகவையைப் பூர்த்தி செய்தார். அன்னார், காலஞ்சென்றவர்களான இன்னார் தம்பதியரின் பாசமிகு மகளும்..." என்று தொடங்கி, என்னையும் கனடாத் தம்பியையும் இழுத்து, "ஆவார்" என்று முடிந்தது. எங்கள் சனத்துக்கு, மரண அறிவித்தலில் வரும் பிறப்பிடம், வதிவிடம், அன்னார் மூன்றையும் ஒன்றாகக் கண்டால் போதும், கை தன்பாட்டில் "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று அடித்துவிடும். பாதிப் பேர் கடைசிவரி வாசிப்பதில்லை. அம்மாவுக்கு அன்று கிடைத்த அனுதாபத்தில் கால்வாசி கூடப் பிறந்தநாள் வாழ்த்தாக வரவில்லை.

"அண்ணை, உயிரோட இருக்கிற ஆக்களுக்கு அன்னார் எண்டு போடாதேங்கோ" என்று அம்மா கெஞ்சினார்.

"அன்னார் எண்டால் அவர் எண்டுதான் அர்த்தம் தங்கச்சி. மரியாதைச் சொல். சனம் பிழையா விளங்கினால் நான் என்ன செய்ய?"

அவருக்கென்று ஒரு நல்ல பெயர் உண்டு. அதை இங்கே போடப் போவதில்லை. காரணம் இருக்கிறது.

ஒரு பத்திரிகையில், மரண அறிவித்தல் எடுக்கும் மேசையில் காலம் முழுக்க இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அழுதுகொண்டு வருகிறவர்களிடம் பெயர் கேட்டு, ஊர் கேட்டு, மருமக்கள் பெயர் விடுபடாமல் கேட்டு, அழகாக எழுதிக் கொடுப்பாராம். "என்ர மேசையில திருத்தம் எண்ட கதையே இல்லை" என்பது அவருடைய பெருமை. முதல்நாள் அறிவித்தலில் பிழை வந்தால் மறுநாள் பத்திரிகைகள் சின்னதாகப் போடுமே, அந்தத் திருத்தம். தன் உத்தியோக காலத்தில் அப்படி ஒன்றுகூட வரவில்லை என்று லிஃப்ற்றுக்குக் காத்திருக்கிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். லிஃப்ற் அடிக்கடி பழுதாகும் என்பதால் கேட்க ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

அவுஸ்திரேலியாவில், மெல்பேணில் இருக்கும் மகன் அவருக்கு ஒரு நல்ல போன் அனுப்பினான். அதோடு எங்கள் நிம்மதி போயிற்று. தண்ணீர் வெட்டு, மின்தடை சொல்வதற்கென்றுதான் அந்தப் பக்கத்தைத் திறந்தார். தண்ணீர் தினமும் வெட்டுப்படாதே, மனிதன் என்ன செய்வார்? ஆட்களைப் போடத் தொடங்கினார். சட்டைப்பையில் போன், கழுத்தில் மூக்குக்கண்ணாடி, காலில் தேய்ந்த செருப்பு. செருப்புச் சத்தம் கேட்டால் பெண்கள் பல்கனியில் காயப்போட்ட உடுப்புகளை உள்ளே இழுப்பார்கள்.

இரண்டாம் மாடிப் பொடியன் ஒருவனும் அடுத்த ஒழுங்கைப் பெண்ணும் தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரைக் கல்லில் உட்கார்ந்திருந்ததை ஒருநாள் எடுத்துப் போட்டார். "இன்னாரின் அன்பு மகனும் இன்னாரின் அன்பு மகளும் வெள்ளவத்தைக் கடற்கரையில் ஒரே குடையின் கீழ்க் காற்று வாங்கிய வேளை." பெண்ணின் தகப்பன் நேரே மாமாவிடம் வந்து, "எந்தக் குடை?" என்று கேட்டார். மாமா பெரிதாக்கிக் காட்டினார். அது தகப்பனுடைய குடைதான். பெரிய சண்டை நடந்து, பிறகு தையில் கலியாணமும் நடந்தது. கலியாணத்துக்கும் கூப்பிடாமலே போய் மாமா படம் எடுத்தார்.

என்னையும் விடவில்லை. சுகமில்லை என்று அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு, கொட்டாஞ்சேனையில் தோழி வீட்டுச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். அங்கே பார்த்தால் மாமா. தோழியின் அப்பாவுக்குப் பழைய கூட்டாளியாம். புரியாணித் தட்டோடு நான் நிற்கும் படம், பிறப்பிடம் வதிவிடத்தோடு, அன்றே ஏறிவிட்டது. என் மனேச்சர் சிங்களவர். தமிழ் வாசிக்கத் தெரியாது. போன் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறது. மறுநாள் என்னைக் கண்டு கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "சுகமில்லை என்று தெரியும், இவ்வளவு சீரியஸ் என்று தெரியாது" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேரே போய்ச் சண்டை பிடித்தேன்.

"மாமா, ஆக்களைக் கேக்காமல் படம் போடக்கூடாது."

"கெட்ட படமே போட்டனான்? தட்டோட வடிவாத்தானே நிக்கிறீர்."

"நான் எங்க நிக்கிறன் எண்டு ஊருக்கு என்னத்துக்கு?"

"ஏன் பிள்ளை, ஒளிக்கிறதுக்கு நீர் என்ன கள்ளக்கடத்தலே செய்யிறீர்?"

இப்படிப்பட்ட ஆளோடு என்னத்தைக் கதைப்பது? திரும்பி நடந்தேன். அவர் பின்னால் இருந்து கூப்பிட்டார். அன்றைக்குத்தான் அவருடைய மேசைக் கதையின் மறுபாதியைச் சொன்னார்.

"சண்டைக் காலத்தில என்ர மேசைக்கு வாறவை எல்லாரும் செத்தவீட்டுக்காரர் இல்லைப் பிள்ளை. பேப்பரை விரிச்சு வைச்சு மற்ற ஆக்களின்ர அறிவித்தலை வாசிக்க வருவினம். அன்னாரின்ர மகன் நோர்வேயில, மகள் பிரான்ஸில, தம்பி மன்னார் முகாமில எண்டு போட்டிருக்குமெல்லே. ஆர் தப்பினது, ஆர் எங்க கிடக்கினம் எண்டு அதிலதான் தெரியும். செத்த ஆளின்ர அறிவித்தலிலதான் உயிரோட இருக்கிற ஆக்களின்ர விலாசம் கிடைச்சது. என்ர தம்பி எங்க எண்டு எனக்கும் அப்பிடித்தான் தெரியவந்தது."

 அவர் போட்ட ஒரு படத்தைப் பார்த்து, நோர்வேயில் இருந்த ஒரு பெண் எங்கள் மூன்றாம் மாடி ரீச்சரைக் கண்டுபிடித்ததும் உண்மை. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருந்தவர்களாம். இருவரும் போனில் அழுததை மாமா படம் எடுத்துப் போட்டார். நல்லது செய்தாலும் அவருக்கு அதையும் போடவேண்டும்.

அந்த வருடம்தான் வசுகி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பை, இடுப்பில் நாலு வயது மகள். வவுனியாவில் இருந்து அம்மாவின் சிநேகிதி ஒருவர் அனுப்பிவைத்தார். புருசன் அடித்து இடது மணிக்கட்டை முறித்திருந்தான். அது சரியாகப் பொருந்தாமல், தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும்தான் தூக்குவாள். அடுத்தமுறை கழுத்து என்று சொல்லியிருந்தானாம். இவள் இருக்குமிடம் அவனுக்குத் தெரியக்கூடாது. எங்கள் வீட்டு உள்ளறையைக் கொடுத்தோம். ஒரு தையற்கடையில் வேலையும் கிடைத்தது. கதவு மணி அடித்தால் தாயும் மகளும் ஒன்றாக வாயை மூடிக்கொள்வார்கள். அந்தச் சின்னதுக்கு யார் அதைப் பழக்கினார்களோ.

அம்மா புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார். உண்மையைச் சொன்னால் மாமாவின் வாயில் நிற்காது என்று யோசித்து, "அண்ணை, வீட்டில ஒரு பிள்ளை வந்து நிக்குது. தாயையும் மகளையும் படம் எடுக்காதேங்கோ. கண்ணூறு" என்றார். கண்ணூறு, அதாவது கண்பட்டுவிடும், என்றால் எங்கள் ஆட்கள் எதையும் விட்டுவிடுவார்கள். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள்கூடப் பிளேன் ஏறும்வரை பக்கத்து வீட்டுக்குச் சொல்வதில்லை. மாமாவும் தலையாட்டினார்.

விஜயதசமி வந்தது. கீழ்த்தளத்தில் பூசை. சின்னதுக்கு அங்கேயே ஏடு தொடக்கினார்கள். வசுகியின் மடியில் இருந்து, தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் 'அ' எழுதியது. எழுதி முடித்துத் தாயை நிமிர்ந்து பார்த்தது. அந்த முகத்தைப் பார்த்த யாருக்கும் ஒரு படம் எடுக்கத் தோன்றும். தோன்றியதோடு நிற்க எங்களுக்குத் தெரியும்.

மறுநாள் மதியம், அலுவலகத்தில் சோற்றுப் பார்சலை விரித்துவைத்துக்கொண்டு போனைத் திறந்தேன். தாயும் மகளும் பளிச்சென்று இருந்தார்கள். பிள்ளையின் கன்னத்தில் ஒரு கறுத்தப் பொட்டு. பூசையன்று அந்தப் பொட்டு இருக்கவில்லை. கீழே: "வவுனியாவைப் பிறப்பிடமாகவும், வெள்ளவத்தை இன்ன ஒழுங்கை, நாலாம் மாடியைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட திருமதி வசுகி அவர்களின் அருமை மகள் ஏடு தொடக்கிய வேளை." அதற்குக் கீழே முகமில்லாத ஒரு கணக்கில் இருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "மிக்க மகிழ்ச்சி ஐயா. வீட்டுக்கு எப்படி வருவது?" மாமா பதில் போட்டிருந்தார். காலி வீதியில் இறங்கி, கடற்பக்கம் திரும்பி, மருந்துக்கடையைத் தாண்டி, லிஃப்ற் பழுதென்றால் படியால் ஏறி, வலப்பக்கக் கதவு. "தாராளமாக வரலாம்" என்றும் சேர்த்திருந்தார்.

பார்சலை அப்படியே மூடினேன். வீட்டுக்கு அழைத்தேன். அம்மா எடுத்து, "அவள் பையில உடுப்பு அடுக்கிறாள்" என்று மட்டும் சொன்னார்.

ஓட்டோ பிடித்து வந்து நேரே மாமாவின் கதவைத் தட்டினேன். வயதுக்கு மரியாதை கொடுக்கிற நிலையில் நான் இல்லை. "உங்களுக்கு என்ன விசரோ?" என்றுதான் தொடங்கினேன்.

அவர் பயந்துபோய், "ஏன் பிள்ளை, கண்ணூறு எண்டுதானே அம்மா சொன்னவ? அதுதான் போனிலேயே ஒரு கறுத்தப் பொட்டு வைச்சுவிட்டனான்" என்றார்.

சிரிப்பதா, அழுவதா? முழுவதையும் சொன்னேன். மணிக்கட்டைச் சொன்னேன். கழுத்தைச் சொன்னேன். வழி கேட்டது யாராக இருக்கும் என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கதிரையில் இருந்துவிட்டார். போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழிச்சுப்போடுறன்" என்றார்.

"பாத்தவன் பாத்திட்டான் மாமா. இனி அழிச்சால் இங்கதான் இருக்கிறாள் எண்டு அவனுக்கு இன்னும் உறுதியாகும்."

 அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு விரலால் அடிக்கத் தொடங்கினார். ஏதோ மன்னிப்பு எழுதுகிறார் என்று நினைத்து வெறுப்போடு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், பக்கத்தில் இது இருந்தது:

"திருத்தம். நேற்றைய எமது அறிவித்தலில் திருமதி வசுகி அவர்களின் வதிவிடம் தவறுதலாகக் குறிப்பிடப்பட்டுவிட்டது. மட்டக்களப்பை வதிவிடமாகக் கொண்ட அன்னார், பூசைக்கு விருந்தினராக வருகை தந்து, அன்றைய தினமே மகளுடன் திரும்பிவிட்டார் என்பதை அறியத்தருகிறோம். தவறுக்கு மனம் வருந்துகிறோம். செயலாளர்."

வாழ்நாளில் திருத்தமே போடாத மனிதர் முதன்முதலாகப் போட்ட திருத்தம். அது முழுப் பொய்.

அடுத்தநாள் காலை அவன் வந்தான். நான் வேலைக்குப் போகாமல் முதலாம் மாடிப் படியில் நின்றிருந்தேன். வாசலில், காவல்காரருடைய கதிரையில் மாமா இருந்தார். வந்தவன் நல்ல மனிதன் மாதிரித்தான் இருந்தான். அயர்ன் பண்ணிய சேட்டு, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு பொம்மைப் பெட்டி. வணக்கம்கூடச் சொன்னான்.

"ஐயா, முந்தநாள் படத்துக்குக் கீழ வழி கேட்டது நான்தான். வசுகியின்ர ஹஸ்பண்ட்."

"ஓ, வாரும் தம்பி. திருத்தம் பாக்கேல்லையே?"

"பாத்தனான். எண்டாலும்..."

மாமா போனை எடுத்து அந்தத் திருத்தத்தை முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்துவரை சத்தமாக வாசித்தார்.  "இத்தனை வருச உத்தியோகத்தில நான் திருத்தம் போட்டது இதுதான் முதல் தரம் தம்பி. வெக்கமாக் கிடக்கு" என்றார். அந்த வெட்கம் மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை. அதனால்தானோ என்னவோ, அவன் பாதி நம்பினான். மறுபாதிக்கு அவன் கண் படிப்பக்கம் போனது.

"மேல ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வரட்டே?"

 நாலாம் மாடியில், அந்த வலப்பக்கக் கதவுக்குப் பின்னால், போக வேறிடம் இன்னும் கிடைக்காமல், அடுக்கிய பையோடு இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்குத் தெரியும்.

"தாராளமாப் பாக்கலாம்" என்றார் மாமா. "அதுக்கு முதல் ஒரு படம். இங்க வாற எல்லாரையும் போடுறது வழக்கம். அசையாமல் நில்லும். முழுப்பேர் என்ன? பிறப்பிடம்? எங்க வேலை? ஆரின்ர மகன்? மனிசியைத் தேடி வந்தவர் எண்டு விபரமாப் போட்டுவிடுறன். ஏன் விட்டிட்டுப் போனவ எண்டதையும் சொன்னீரெண்டால் அதையும் சேர்ப்பன். உம்மட ஊர்ச்சனம், வேலை செய்யிற கந்தோர்ச்சனம் எல்லாரும் பாப்பினம். கண்ட ஆக்கள் சொல்லுவினம்தானே."

போன் அவனுடைய முகத்துக்கு நேரே உயர்ந்தது. அவன் பொம்மைப் பெட்டியைத் தூக்கி முகத்தை மறைத்தான்.

"படம் ஒண்டும் வேண்டாம் ஐயா."

"ஏன் தம்பி, கண்ணூறோ?"

அவன் திரும்பி நடந்தான். மாமா போனை இறக்காமல் தெருமுனைவரை பின்னாலேயே போனார். "இந்தப் பக்கம் ஒருக்காத் திரும்பும், முதுகு மட்டும்தான் விழுகுது" என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டது. திரும்பி வந்தபோது சேட்டு முழுக்க நனைந்திருந்தது. காவல்காரர் தண்ணீர் கொடுத்தார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

சில நாளில் வசுகியை வேறிடத்துக்கு அனுப்ப ஒழுங்கு செய்தோம். அம்மா அதை மாமாவுக்குச் சொல்ல வாயெடுத்தார். அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். "எனக்குச் சொல்லாதேங்கோ தங்கச்சி. தெரிஞ்சால் போட்டுடுவன். என்னை எனக்குத் தெரியும்."

வான் வந்தபோது பையைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான். சின்னது வானுக்குப் பக்கத்தில் போய், கையைக் கீழே விட்டு, அசையாமல் நின்றது. மற்றப் பிள்ளைகளை மாமா நிறுத்துவதைப் பார்த்துப் பழகிவிட்டிருந்தது.

"தாத்தா, படம் எடுக்கேல்லையா?"

மாமாவின் கை சட்டைப்பைக்குப் போனது. அங்கேயே நின்றது.

"சார்ஜ் இல்லைக் குஞ்சு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் திருந்திவிட்டார் என்று எழுதினால் அதற்கும் ஒரு திருத்தம் போடவேண்டிவரும். அடுத்த கிழமையே புதுத் தண்ணீர்த்தாங்கியையும் அதைப் பூட்ட வந்தவர்களையும் போட்டார். ஆனால் வதிவிடம் போடுவதை விட்டுவிட்டார். வசனம் குறைவாக இருக்கிறது என்று மனம் கேட்கவில்லைப் போலும். கொஞ்ச நாளில் "இவ்வுலகை வதிவிடமாகவும் கொண்ட" என்று எழுதத் தொடங்கினார். அது ஒருவகையில் வசதியாகவும் இருந்தது. இவ்வுலகில் என்றால் ஆள் இன்னும் இருக்கிறார் என்று கனடா மாமாவுக்கு உடனே விளங்கிவிடும். அம்மாவின் அடுத்த பிறந்தநாளுக்கு அவர் ரிக்கற் போடவில்லை.

அறிவித்தல் மாமா போய்ச் சில வருடங்களாகிவிட்டன. மெல்பேண் மகன் கொடுத்த அறிவித்தலில் பிறந்த ஊர் பிழை. ஒரு மருமகளின் பெயரும் விடுபட்டிருந்தது. ஒருவரும் திருத்தம் போடவில்லை. எனக்கு அது பெரிய துக்கமாக இருந்தது. நாங்கள் எல்லோரும் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தோமே தவிர, ஒருநாளாவது அவரை அசையாமல் நிற்கச் சொல்லி ஒரு படம் எடுக்கவில்லை. பத்திரிகையில் வந்தது அடையாள அட்டைப் படம்.

அவருடைய பெயரையோ ஊரையோ நான் போடாததற்குக் காரணம், அவற்றைப் பிடித்துக்கொண்டு தேடினால் எங்கள் தொடர்மாடிக்கு வந்துவிடலாம். அங்கிருந்து அவளிடம் போக இன்னும் யாராவது முயலலாம். வசுகி என்பது அவளுடைய பெயர் இல்லை. வவுனியா இல்லை. நாலாம் மாடியும் இல்லை. அவள் நலமாக இருக்கிறாள். அந்தச் சின்னது இப்போது தாயைவிட உயரம். அவ்வளவுதான் சொல்வேன். மாமா இதை வாசித்தால், "என்ன பிள்ளை, ஆள் ஆரெண்டே தெரியாமல் ஒரு அறிவித்தலோ" என்று கோபிப்பார். ஆகவே அவருக்காக, அவருடைய முறையிலேயே முடித்துவிடுகிறேன்.

இலங்கையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட அன்னார், எங்கள் தொடர்மாடியின் அன்புச் செயலாளரும், ஒரு பெண்ணும் அவள் மகளும் எங்கே இருக்கிறார்கள் என்று கடைசிவரை கேட்காதவரும் ஆவார்.